நாற்பதைத் தாண்டினால் வரும் சத்தம்



இந்த வாரம் என் காரைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் புன்னகைக்கலாம். ஆனால் உங்களில் பலர் அந்தக் காரில் என்னோடு பயணம் செய்திருக்கிறீர்கள். மருத்துவமனைக்கும், திருமண வீட்டுக்கும், கல்லறைத் தோட்டத்துக்கும் அதில் உங்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆகவே அதன் முன்புற வலது சக்கரம் பல மாதங்களாக எந்த நிலையில் இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் பெய்த மழையை மதுரையில் இருந்த எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த நாட்களில் நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பார்ப்பதற்காக, தெருவில் தேங்கி நின்ற நீருக்குள் காரை இறக்கினேன். தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு நின்றது. இயந்திரம் நின்றுவிடுமோ என்பது ஒன்றே என் அச்சமாயிருந்தது. அது நிற்கவில்லை. அக்கரை சேர்ந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தி உலர்த்திக்கொண்டு, தேவனுக்கு நன்றி சொல்லி, காரியம் முடிந்தது என்று எண்ணினேன். மறுநாள் வண்டியைக் கழுவவும் செய்தேன். சக்கரத்தின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், அந்தத் தண்ணீரில் சில துளிகள் தங்கிவிட்டன என்பது எனக்குத் தெரியாது.

நவம்பர் கடைசியில் ஒரு சத்தம் தொடங்கியது. கப்பலூரைத் தாண்டித் திருமங்கலம் செல்லும் நான்குவழிச் சாலையில், வேகம் 40ஐக் கடந்ததும் எங்கோ தூரத்தில் பேருந்து ஒன்று ஏற்றத்தில் ஏறுவது போன்ற உறுமல். 60க்குச் சென்றால் அது உயரும். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். நகரத்துக்குள் சிம்மக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் ஊர்ந்து செல்லும்போது ஒன்றும் கேட்காது. முதலில் சாலையின் மேல் பழி போட்டேன். பிறகு டயர்மேல். டயர்கள் பழையவைதாம், ஆகவே முன்பக்கத்து இரண்டையும் மாற்றினேன். 7,000 ரூபாய்க்கு அருகே செலவாயிற்று. சத்தம் போகவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது: கிறிஸ்துமஸ் கீதங்களின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் என் காது பழகிவிட்டது. சத்தம் வளர்ந்துகொண்டிருந்தது, நானோ அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

நம் நகரத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு நெடியது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்டிய ஊர் இது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருந்த காலத்தில் அதன் பணிமனையில் சேர்ந்து, முழுப் பணிக்காலத்தையும் கிரீஸ் படிந்த கையோடு கழித்து ஓய்வு பெற்ற மூப்பர் ஒருவர் நம் சபையில் இருக்கிறார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். பெயரைக் குறிப்பிடுவதை அவர் விரும்பமாட்டார். ஜனவரி மாதத்து வியாழன் ஒன்றில், திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் நம் கிளைச் சபையின் ஜெபக்கூட்டத்துக்கு அவர் என்னோடு வந்தார். போகும்போது ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது, வாகனமே இல்லாத நீண்ட சாலையில், மெதுவாகக் கேட்டார்: “ஐயா, ஒரு நிமிசம் நியூட்ரல்ல போடுங்க.”

போட்டேன். இயந்திரத்தின் ஓசை அடங்கியது. உறுமல் அப்படியே தொடர்ந்தது.

“இஞ்சின் இல்ல, கியர் பெட்டியும் இல்ல. இப்பத் தார் ரோட்டுல இருந்து சிமெண்டு ரோட்டுக்கு வந்தோமே, சத்தம் மாறுச்சாய்யா?”

மாறவில்லை என்றேன்.

“டயர் சத்தமா இருந்தா ரோடு மாறும்போது அதுவும் மாறணும். இது மாறலையே. இப்பக் கியர்ல போட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடதுபக்கமா வளைச்சு எடுங்க. ரொம்ப வேணாம்.”

இடப்புறம் வளைத்தபோது உறுமல் பெரிதாயிற்று. வலப்புறம் வளைத்தபோது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இடப்புறம் திரும்புகையில் வண்டியின் பாரம் வலப்பக்கத்துச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. பாரம் ஏறும்போது முனகுகிற பக்கமே நோயுள்ள பக்கம். இருட்டில், இருக்கையை விட்டு அசையாமல், அவர் சொல்லிவிட்டார்: “முன்னாடி வலது பேரிங் போயிருச்சுங்கய்யா.”

வீட்டு முற்றத்தை அடைந்ததும் அவர் இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகேயும் கையைக் கொண்டுபோனார். தொடாமலே மூன்று சக்கரங்களில் ஒரே வகையான இளஞ்சூடு தெரிந்தது. நான்காவதில் அடுப்பருகே கை நீட்டியது போலிருந்தது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் முன்பக்கத்தை உயர்த்தினார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஒரு மரக்கட்டையும் வைத்தார். பணிமனையில் அந்தக் கட்டை இல்லாததால் கை இழந்தவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து அசைத்தார். ‘டக் டக்’ என்று ஆடியது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அசைத்தார், ஆட்டம் நின்றது. பிரேக் மிதித்த பின்னும் ஆடினால் குற்றம் பால் ஜாயிண்டிலோ வேறிடத்திலோ இருக்கும். நின்றுவிட்டால் அது பேரிங்கே. இறுதியாக, சக்கரத்துக்கு மேலிருக்கும் சுருள்வில்லின்மேல் என் விரல்களை வைக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுழற்றினார். மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் விரல்களில் ஏறியது. இடது சக்கரத்தில் அதே சோதனை செய்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அந்த வித்தியாசத்தை ஒருமுறை கையால் உணர்ந்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

“இன்னும் எவ்வளவு நாள் ஓடியிருக்கும், அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. “ஆட்டம் வந்துருச்சுன்னா நாள் கணக்கு சொல்லக் கூடாதுங்கய்யா” என்றார்.

உள்ளபடியே அதற்குக் கணக்கு இல்லை. சத்தம் மட்டும் இருக்கிற காலம் வாரங்களாகவும் நீளலாம், மாதங்களாகவும் நீளலாம். ஆனால் உள்ளே இரும்பு உதிர்ந்து, இடைவெளி விழுந்து, சக்கரம் ஆடத் தொடங்கிய பின் காரியம் விரைவாகக் கெடும். பிரேக் தட்டும் சேர்ந்து ஆடுவதால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். சூட்டில் கிரீஸ் உருகி வெளியேறும். முற்றினால் சக்கரம் ஓட்டத்தின் நடுவே இறுகிப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது வண்டியை விட்டே விலகலாம். நான்குவழிச் சாலையில், பின்னால் சரக்கு லாரி வரும்போது அது நடந்தால் என்னவாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒவ்வொரு வியாழனும் கூட்டம் முடிந்து, ஒரு மூதாட்டியையும் அவருடைய பேரப்பிள்ளையையும் பின்னிருக்கையில் ஏற்றித் திருமங்கலம் பேருந்து நிலையத்தில் விட்டு வந்தேன். எத்தனை வியாழன் என்று விரல்விட்டு எண்ணினேன், ஏழு.

இதற்குப் பின் நான் செய்த பிழையையும் மறைக்கக் கூடாது. மறுநாளே மூப்பர் தம் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் சென்றுவிட்டார். பத்து நாள் கழித்து வந்து தாமே உடனிருந்து மாற்றித் தருவதாகவும், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாமென்றும் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. பக்கத்தில் கிடைத்த ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். பையன்கள் சுறுசுறுப்பானவர்கள், அரை நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். புதிய பேரிங்கைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்குவதை நானே அருகில் நின்று பார்த்தேன். பலமான வேலை என்று வியந்தும் கொண்டேன். சத்தம் நின்றது. மார்ச் மாதம், லெந்து நாட்களில், அதே 40இல் அதே உறுமல் திரும்பி வந்தது.

இம்முறை மூப்பர் பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறை ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார். கழற்றிய பேரிங்கைப் பிரித்து, துணியால் துடைத்து, உள்வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய ஓடுபாதையில் சிறு சிறு பள்ளங்கள். துருவினால் வந்தவையானால் ஒழுங்கின்றி இருக்கும். இவையோ அளந்து வைத்தாற்போல் சம இடைவெளியில் இருந்தன. ஒவ்வொரு குண்டும் தான் நின்ற இடத்தில் தன் அடையாளத்தைப் பதித்திருந்தது. “சுத்தி அடிச்ச அடிங்கய்யா. புதுசா இருக்கும்போதே செத்துருச்சு.”

அதன் காரணம் எளியது. பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள், நடுவே குண்டுகள். என் காரில் வெளிவளையம் நக்கிள் எனப்படும் உறுப்பின் துளைக்குள் இறுக்கமாக அமர்கிறது. உள்வளையத்துக்குள் சக்கரத்தைத் தாங்கும் ஹப் நுழைகிறது. வெளிவளையத்தைப் பொருத்தும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். ஹப்பை நுழைக்கும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். தவறான வளையத்தை அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் பாய்கிறது. சுத்தியல் அடி இதைவிடக் கொடியது. பேரிங் எஃகு மிகக் கடினமானது. ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு கரியும், ஒன்றரைப் பங்கு குரோமியமும் சேர்த்து, சூடேற்றி உறுதியாக்கப்பட்டது. ஆயினும் ஒரு குண்டு வளையத்தைத் தொடும் இடம் எள்ளளவுகூட இல்லை. அந்தப் புள்ளியில் அடியின் பலம் முழுவதும் இறங்கும்போது எந்த எஃகும் குழியும்.

அந்தப் புள்ளிகள் சுமப்பதை எண்ணிப் பாருங்கள். ஐந்து பேர் ஏறிய சிறிய கார் ஏறக்குறைய ஒரு டன். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் கால் டன்னுக்கும் கூடுதலான பாரம். என் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 600 முறைக்கு அருகே சுழல்கிறது. மதுரையிலிருந்து திருமங்கலம் சென்று திரும்ப ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதாவது 24,000 சுழற்சிகள். இத்தனைக்கும் குண்டையும் வளையத்தையும் ஒன்றோடொன்று உரசவிடாமல் பிரித்து வைத்திருப்பது, தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய ஒரு கிரீஸ் படலம். செல்லூர்த் தண்ணீர் ரப்பர் சீலைத் தாண்டி அந்தப் படலத்துக்குள்தான் நுழைந்தது. ஓடிச் சூடேறிய ஹப் நீரில் இறங்கியதும் சட்டெனக் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் விளிம்பு வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு துரு, துருவினால் குழி, குழியின்மேல் குண்டு ஏறி இறங்கும் ஓசை. நான் கேட்ட உறுமல் அதுவே.

என் தாத்தாவின் மாட்டுவண்டி நினைவுக்கு வந்தது. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை மூங்கில் குழாயில் எப்போதும் வண்டியோடு தொங்கும். சந்தைக்குப் புறப்படுமுன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அச்சில் மை தடவாமல் அவர் மாட்டைப் பூட்டியதில்லை. அங்கே குண்டும் இல்லை, உருளையும் இல்லை. மரக்குடமும் இரும்பு அச்சும் உரசிக்கொண்டே ஊர் போய்ச் சேரும். வேல்ஸ் நாட்டின் பிலிப் வாகன் 1794இல் வண்டி அச்சுக்கு இரும்புக் குண்டுகளை வைத்துக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் கோச்சு வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன், வளைவுகளில் திரும்பும்போது சக்கரத்தின்மேல் பக்கவாட்டில் விழும் பாரத்தையும் தாங்க வேண்டுமென்று கூம்பு வடிவ உருளைகளை வைத்து 1898இல் உரிமை பெற்றார். நம் மூப்பர் பேருந்துகளில் ஆண்டுக்கணக்காகக் கையால் கிரீஸ் அடைத்து மாட்டியவை இந்த வகையே. அவற்றைக் கழற்றலாம், கழுவலாம், நட்டை இறுக்கித் தளர்த்தி ஆட்டத்தைச் சரிசெய்யலாம். இன்றைய கார்களில் பெரும்பாலும் மூடி முத்திரையிட்டவை. கிரீஸ் வைத்துப் பிழைக்க வைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

(1 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தில், சாலொமோனின் ஆலயத்துக்காக ஈராம் செய்த வெண்கல ஆதாரங்களின் சக்கரங்கள் விவரிக்கப்படுகின்றன. அச்சு முதலாக ஒவ்வொரு உறுப்பும் எண்ணப்பட்டிருக்கிறது. எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பகுதியை வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறேன். அந்த மார்ச் மாத இரவில் மெதுவாக வாசித்தேன்.)

உங்களில் கார் வைத்திருப்போருக்கும், ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் சகோதரருக்கும் மூப்பர் சொல்லச் சொன்னவை சில. சக்கரம் பாதி முழுகும் நீரில் சென்றுவந்தால், அடுத்த இரண்டு மாதம் வாகனமில்லாத சாலையில் கண்ணாடியை ஏற்றி, பாட்டை நிறுத்தி, கொஞ்ச தூரம் காதுகொடுத்து ஓட்டுங்கள். பேரிங் வாங்கும்போது பில்லோடு வாங்குங்கள்; போலிகள் அதே பெட்டியில் வருகின்றன, பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அதைத் திருப்பி மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். நடு நட்டைப் புதிதாகப் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். அந்த இறுக்கம் கூடினாலும் குறைந்தாலும் பேரிங்கின் ஆயுள் போகும். பிரஸ் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பிரஸ்ஸுக்குக் கூலி சில நூறு ரூபாய்; அதை மிச்சம் பிடிக்கப் போய் நான் இரண்டு முறை செலவழித்தேன். இருசக்கர வண்டிகளிலும் இதே பேரிங் உண்டு. நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இவ்வளவையும் எழுதியது இனிமேல் சொல்லப்போவதற்காக.

லேத் பட்டறையிலிருந்து திரும்பும்போது வண்டி அமைதியாக ஓடியது. நான் மூப்பரிடம் கேட்டேன்: “அண்ணே, அந்த ஜனவரி வியாழக்கிழமைதான் முதன்முதலா இந்தச் சத்தத்தைக் கேட்டீங்களா?” அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், ஆலயத்துக்கு முன்னால் நான் வண்டியை ஓட்டிக் கடக்கும்போதெல்லாம், கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே, கேட்டுக்கொண்டிருந்தாராம். “ஐயாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு. டயரு வேற புதுசா மாத்தியிருந்தீங்க. நான் சொல்லி, நீங்க தப்பா நெனச்சிட்டா…”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒருமுறை சொன்னாளாம், நான் சாலையைக் குறைசொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேனாம். எனக்கு நினைவில்லை. அவளுக்கு நாள்கூட நினைவிருக்கிறது.

அடுத்த வியாழன் அந்த மூதாட்டியிடமும் கேட்டேன். அவர் சிரித்தார். வண்டி வேகமெடுக்கும்போதெல்லாம் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் ஜெபிப்பாராம். “பின்னாடி உக்காந்திருக்கிறவளுக்குத்தானே ஐயா, கீழ இருந்து வர்ற நடுக்கம் தெரியும். நீங்க பிரசங்கத்தைப் பத்திப் பேசிட்டே வருவீங்க. நடுவுல எப்படிச் சொல்றது?” என்றார்.

பேரனுக்கு ஒன்பது வயது. அவன்தான் பளிச்சென்று கேட்டான்: “ஐயா, இப்ப அந்த லாரி சத்தம் ஏன் வரல?”

கழற்றிய இரண்டு பேரிங்குகளும் என் மேசைமேல், பிரசங்கக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று தண்ணீரால் போனது; மற்றது சுத்தியலால் போனது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துச் சுற்றிப் பார்க்கலாம். கையில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டும்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி முதல் மதியம் வரை மூப்பர் ஆலய முற்றத்தில் ஜாக்கியோடும் மரக்கட்டையோடும் இருப்பார். வண்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். ஸ்கூட்டரும் ஆட்டோவும் வரலாம். முதலாவதாக என் கார் ஏற்றப்படும். இடது சக்கரமும் அதே தண்ணீரில்தான் இறங்கியது, அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார். அந்தப் பையனும் வருகிறான். சுருள்வில்லின்மேல் விரல் வைத்துக் கேட்பது அவனுடைய வேலை என்று மூப்பர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.